நூற்று நாற்பதாம் நம்பர் எண்ணெயும் ஸ்டெல்லா டீச்சரும்

ஜீப் ஓட்டிப் பழகியவனிடம் எந்த வண்டியைக் கொடுத்தாலும் ஜீப்புக்கான வைத்தியத்தைத்தான் பார்ப்பான். அப்படித்தான் நான் ஒரு கல்யாணத்தைக் கெடுத்தேன். (என்னுடையதைத்தான்.)

மேகமலையில் ஏலக்காய் எஸ்டேட் டிரைவர் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. வயது அப்போதே நாற்பதைத் தாண்டியிருந்தது. முதலாளியின் ஷெட்டில் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சிவப்பாக நிற்கும். இரண்டே சீட். எங்கள் ஜீப்பில் பதினைந்து பேர் தொங்குவார்கள். இதில் மூன்றாவது ஆள் ஏற வழியே கிடையாது. எனக்கு அந்தக் காரின் மேல் ஆசை வந்ததே அதனால்தான்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்து ஸ்டெல்லா டீச்சருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் மாற்றல் வந்திருந்தது. என்னைப் போலவே அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அந்த நேரம் பார்த்து முதலாளி சென்னையிலிருந்து போன் செய்தார்: "கியர் ஆயிலை மாத்திட்டு சின்னமனூர் வரைக்கும் ஓட்டிப் பாரு. மெல்லிசு ஆயில்தான் ஊத்தணும். கடையில கார் பேரைச் சொல்லிக் கேளு."

அந்தக் காரிலேயே டீச்சரைக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட முதலாளியிடம் அனுமதியும் வாங்கினேன். மலை இறங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும்: 'நாம கட்டிக்கிருவமா, டீச்சர்?'

ஆயில் கடை காதர் பாய், "எந்த வண்டிக்குண்ணே?" என்றார். கார் என்றால், யாரோடு எங்கே என்று கிளறுவார். வெட்கத்தில், "ஜீப்புக்குத்தேன் பாய்" என்றேன்.

"மலை வண்டிக்கு நூத்திநாப்பதாம் நம்பர் ஆயில்தேன். கெட்டியா இருந்தாத்தேன் கியர்ப் பல்லு தேயாது."

எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. ஷெட்டில் பழைய எண்ணெய் தண்ணீராக ஓடியது. புதியது வெல்லப்பாகு மாதிரி இறங்க மறுத்தது. (நல்ல சரக்கு என்று பூரித்துப்போனேன்.)

மறுநாள் காலை நல்ல மூடுபனி. முதல் கியர் எப்படியோ விழுந்தது. இரண்டாவதுக்குத் தள்ளினால் 'கர்ர்ர்' என்று உறுமியது.

"ஏங்க, உள்ள எதுவும் மாட்டிக்கிருச்சா?" என்றார் டீச்சர்.

"குளிரு டீச்சர். அதுக்கும் குளிருது."

எல்லா வளைவும் முதல் கியரிலேயே இறங்கினோம். இன்ஜின் அலறியது. தேயிலைக் காட்டிலிருந்து ஒருவன், "ஏலே, காரு கத்துதா நீ கத்துறியா?" என்று கேட்டான். நானும்தான் கத்தினேன். மனப்பாடம் செய்த வரியை ஒரு வளைவில் சொன்னேன். டீச்சர் காதருகே கையைக் குவித்தார். அடுத்த வளைவில் இன்னும் உரக்கச் சொன்னேன்.

"சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க!"

என்னிடம் இருந்த தைரியம் அவ்வளவுதான்.

அடிவாரம் தாண்டியதும் வெயில் அடித்தது. எண்ணெய் இளகிவிட்டது. இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் வெண்ணெயாக விழுந்தது. காருக்குள் அப்படி ஒரு அமைதி. எதிரே சின்னமனூர் பஸ் ஸ்டாண்ட்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "இப்பச் சொல்லுங்க. வழியெல்லாம் என்னமோ சொல்ல வந்தீகளே?"

"கியர் விழுந்துருச்சு, டீச்சர்."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுக்கா அம்புட்டுக் கத்துனீக?" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த நாளே கார் பேரைச் சொல்லி மெல்லிசு எண்ணெய் வாங்கி ஊற்றினேன். இப்போது எந்தப் பனியிலும் விரல் பட்டால் கியர் விழுகிறது. பக்கத்து சீட்டில் துடைக்கிற துணிதான் வருகிறது.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் டீச்சருக்குப் போன் செய்வேன். "வண்டி நல்லா ஓடுதா?" என்பார். "ஓடுது டீச்சர்" என்பேன். பிறகு இரண்டு பக்கமும் பேச்சிருக்காது. அடுப்படியிலிருந்து என் தங்கச்சி வருடம் தவறாமல் கத்துவாள்:

"டீச்சரம்மா, வச்சிராதீக! எங்கண்ணனுக்கு இன்னும் ஆயில் சூடாகல!"

டீச்சர் சிரிப்பார். போனை வைக்கமாட்டார். நான்தான் வைத்துவிடுவேன்.