அம்புக்குறி அண்ணனும் மூன்று சாஃப்ட்வேர்களும்

கொடைக்கானல் மலை முழுக்கச் சலித்துத் தேடினாலும் அம்புக்குறி அண்ணனைப் போல அடுத்தவர் ரத்தத்தைக் கொதிக்க வைக்கத் தெரிந்த ஆள் கிடைக்க மாட்டார். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் ஆறின பிறகு, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, நிதானமாகச் சொல்கிறேன்.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது எங்கள் யாருக்கும் தெரியாது. பஜாரில் போர்டு கடை வைத்திருந்தார். ஸ்டிக்கர் வெட்டும் மிஷின் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, உட்கார்ந்தால் ஆடும் ஸ்டூல் ஒன்று. நீங்கள் எந்தப் போர்டு கேட்டாலும் அதில் ஒரு அம்புக்குறி இருக்கும். லாட்ஜ், சாக்லேட் கடை, ஜெபக்கூடம், எதுவானாலும் சரி. கல்யாண மண்டபத்துக் கழிப்பறைக் கதவில் ஒட்ட 'ஆண்கள்' என்று கேட்டார்கள். அதிலும் ஒரு அம்பு போட்டுக் கொடுத்தார். "கதவுலயே ஒட்டுறோம், அம்பு எதுக்குண்ணே?" என்று கேட்ட மண்டபத்துக்காரரிடம், "உள்ள போகணும்னு அவனுக்கு யாரு சொல்றது, நீங்க நின்னு சொல்லுவீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். அவரும் வாங்கிக்கொண்டு போனார்.

என் கதைக்கு வருகிறேன். நான் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். நானும் என் வீட்டுக்காரரும் வேலையை விட்டுவிட்டு, பள்ளங்கிக்குப் போகிற வழியில் இரண்டு அறை கட்டினோம், சீசனுக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு. கட்டி முடித்து, திரையெல்லாம் மாட்டின பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் மண்பாதை, ரோட்டின் ஒரு வளைவில் சட்டென்று பிரிகிறது. தெரிந்தவர்களுக்கே அது கண்ணில் படாது. போன் மேப்பை நம்பினால் பக்கத்துப் பூண்டுத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். பால் காய்ச்சின அன்றைக்கு மதுரையிலிருந்து வந்த என் சித்தி மகன் வளைவைத் தவற விட்டு, யார் வீட்டுக்கோ போய், அங்கே மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, "வீடு நல்லா இருக்குக்கா, நீதான் இல்லை" என்று ஊருக்குப் போய் போன் செய்தான்.

ஆக, அந்த வளைவில் ஒரு போர்டு இல்லையென்றால் எங்கள் பிழைப்பு நடக்காது. மார்ச் மாதமே அம்புக்குறி அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"செஞ்சுரலாம் டீச்சர். சாஃப்ட்வேர் மட்டும் முடிவாகட்டும்" என்றார்.

அவருடைய பழைய கம்ப்யூட்டர் அந்த வாரம்தான் உயிரை விட்டிருந்தது. புதிது வாங்கிவிட்டார். அதில் எந்த வரைகலை சாஃப்ட்வேரைப் போடுவது என்பதுதான் கேள்வி. கடைக்குப் போய்ப் பேனா வாங்குகிற மாதிரி முடிய வேண்டிய காரியம். அந்த மனிதர் அதைப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற காரியமாக ஆக்கிவிட்டார். டீக்கடைக்காரரிடம் கேட்டார். சர்ச்சில் ஃபாதரிடம் கேட்டார். ஒட்டன்சத்திரத்துக்குக் கேரட் ஏற்றிக்கொண்டு போகும் லாரி டிரைவரை நிறுத்தி, "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டார். அந்த டிரைவர் பாவம், வண்டி ஆர்சி புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

முதல் மாப்பிள்ளைக்கு அண்ணன் வைத்த பெயர் வாடகைக்காரன். மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டிய சாஃப்ட்வேர். அதை விற்க மதுரையிலிருந்து டை கட்டின ஒரு தம்பி, குளிரில் பல் தந்தியடிக்க வந்திருந்தான். திரையில் எழுத்துகளை மினுக்கினான், நிழல் விழ வைத்தான், பின்னால் சூரியனை உதிக்க வைத்தான். எனக்கே ஆசையாக இருந்தது. அண்ணன் எழுந்து, நைந்துபோன ஒரு பழைய வெள்ளை வேட்டியை எடுத்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டார். எங்களைக் கடை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இப்ப என்ன தம்பி தெரியுது?"

"வேட்டி தெரியுது சார்."

"அதுக்குப் பின்னால?"

"ஒண்ணும் தெரியல சார்."

"அதான் நம்ம ஊரு மிஸ்ட். மத்தியானம் எறங்குச்சுன்னா இப்படித்தான் கெடக்கும். இதுல தெரியிறதுதான் போர்டு. மத்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகை."

இந்த வேட்டிப் பரீட்சையில் தேறாத எதையும் அவர் கடையை விட்டு வெளியே அனுப்ப மாட்டார். அவருடைய கறுப்பு அம்பு ஒன்றுதான், மஞ்சள் பட்டையில், எப்போதும் பாஸ். சரி, அந்த அம்பையே இதில் வரையலாமே என்று நான் சொல்லி முடிப்பதற்குள், சாஃப்ட்வேர் இன்டர்நெட் வழியாக ஆளைச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றது. எங்கள் ஊரில் கூட்டம் ஏறினால் இன்டர்நெட் படுத்துவிடும். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் கடைக்குள்ள நான் போறதுக்கு நான் யாருகிட்டப்பா பெர்மிஷன் வாங்கணும்? வாடகை குடுக்கிறவன் நானு. கதவைச் சாத்துறவன் அவனா?"

அந்தத் தம்பி டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

இரண்டாவது, இலவசமாகக் கிடைப்பது. அதற்குப் பெயர் தர்மக்காரன். அதில் அம்பு அழகாக வந்தது. ஆனால் வெட்டும் மிஷினுக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு கோடு போட்டால் மிஷின் அதன் இரண்டு பக்கமும் வெட்டி, அம்பை நூடுல்ஸாக்கித் துப்பியது. ஸ்டிக்கர் ரோல் பாதி குப்பைக்குப் போனது. மூன்றாவது, அவர் இத்தனை காலம் வைத்து வேலை செய்த பழைய பங்காளி. சிடி பத்திரமாக இருந்தது, மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால். புதுக் கம்ப்யூட்டரில் சிடி போட ஓட்டை இல்லை. அண்ணன் சிடியைக் கையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இதற்குள் ஏப்ரல் முடிந்துவிட்டது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். "அண்ணே, ஒரு தகரத்துல பெயிண்ட்ட எடுத்து ஒரு அம்பு போட்டுக் குடுங்க, அது போதும்" என்றேன்.

"நான் கையால கோடு போட்டா மண்புழு மாதிரி வரும் டீச்சர். அதைப் பாத்து வர்றவன் மண்ணுக்குள்ளதான் போவான்."

"அப்ப வெரசா ஏதாவது ஒண்ண முடிவு பண்ணுங்களேன்."

"வெரசா பண்ற சோலியா இது?"

போங்கடா என்று ஒட்டன்சத்திரம் போய், ஃபிளெக்ஸ் கடையில் ஒரு போர்டு அடித்துக்கொண்டு வந்தேன். பள்ளத்தாக்கு, ரோஜாப்பூ, இரண்டு இதயம், நாங்கள் தருகிற வசதிகள் அத்தனையும், அடியில் என் வீட்டுக்காரர் போன் நம்பர். வளைவில் கட்டினோம். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை. மறுநாள் காலையில் போர்டைக் காணோம். விசாரித்தால், வெள்ளனே எழுந்து ஸ்கூட்டரில் வந்து அதை அவிழ்த்துக்கொண்டு போனது சாட்சாத் அம்புக்குறி அண்ணன். கடைக்கு ஓடினேன். பின்பக்கம் அவருடைய விறகு அடுக்குக்கு மேல் என் ரோஜாப்பூ போர்த்திக் கிடந்தது.

நான் பேசினதை எல்லாம் இங்கே எழுதினால் பத்திரிகையை மூடிவிடுவார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அம்புட்டையும் படிக்கணும்னா வளைவுல வண்டிய நிறுத்தணும் டீச்சர். மிஸ்ட்ல நிப்பான். பின்னாலயே கேரட் லாரி வரும். அப்புறம் உங்க ரூமுக்கு யாரும் வர வேண்டாம், ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

"அப்ப நாளைக்கு வர்றவங்க என் ரூமுக்கு எப்படித்தான்ணே வருவாங்க?"

"நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொள்கிறாராம். மறுநாள் எங்களுக்கு முதல் விருந்தாளிகள். திருச்சியிலிருந்து ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு. இவர்கள் வழி தெரியாமல் அலைந்து திரும்பிப் போய் இன்டர்நெட்டில் நாலு வரி எழுதினால் போதும், இந்த சீசன் எங்களுக்கு அவ்வளவுதான். திரும்பிப் போய் நிற்கப் பழைய வேலையும் இல்லை. அன்று மத்தியானம் பார்த்துத்தான் மேகம் இறங்கியது. எங்கள் வாசலில் இருந்த செம்பருத்திச் செடி எனக்கே தெரியவில்லை. டவரும் போய்விட்டது. என் வீட்டுக்காரர் டார்ச்சைத் தேடினார். நான் அம்புக்குறி அண்ணனின் பரம்பரையைத் திட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்.

ஹாரன் சத்தம் கேட்டது. கார் நேராக எங்கள் வாசலில் வந்து நின்றது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"எப்படிங்க வழி கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"அதான் ஆளு போட்டிருக்கீங்களே மேடம்" என்றார் காரை ஓட்டி வந்தவர். "மஞ்சள் ரெயின்கோட்டு போட்டுக்கிட்டு, ஒரு கையை இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. நிறுத்தி அட்ரஸ் கேட்டதுக்கு, நிறுத்தாம போங்கன்னு முறைச்சாரு."

ஃபிளாஸ்க்கில் காபியை ஊற்றிக்கொண்டு ஓடினேன். வளைவில், ரோட்டை விட்டு இறங்கி மண்பாதையின் ஓரமாக, கை நீட்டினபடியே நின்றிருந்தார். நெஞ்சிலும் நீட்டின கையிலும் அகலமாகக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. கண் இமையெல்லாம் தண்ணீர்.

"வந்துட்டாங்கண்ணே, கையக் கீழ போடுங்க."

"கோட்டை மரத்துல மாட்டி, முன்னால வேட்டியக் கட்டிப் பாத்துட்டுத்தான் போட்டுக்கிட்டு நின்னேன் டீச்சர். தூரத்துல இருந்தே தெரியுது" என்றார். காபியை வாங்கிக் குடித்தார். என் சால்வையைக் கழற்றி அவர் தலையில் போட்டு, "அறிவிருக்கா உங்களுக்கு, இந்தக் குளிர்ல" என்று ஒரு மூச்சுத் திட்டினேன்.

"நாளைக்கு எப்படியும் சாஃப்ட்வேர முடிவு பண்ணிருவேன்" என்றார், முதல் தடவையாகக் கொஞ்சம் வெட்கத்தோடு.

இரண்டு மாதமாக வெரசா வெரசா என்று அவர் உயிரை எடுத்தவள் நான்.

"அவசரம் ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். "மெதுவாப் பாருங்க."