கிழக்குச் சுவரில் பூதம்

பூதத்தைக் கண்ணெதிரே காட்டுகிறாராம்! ‘கம்ப்யூட்டர் வாஸ்து’ செல்லப்பாண்டி தூத்துக்குடிக்கு வந்ததும் கல்யாண மண்டபத்தில் நிற்க இடமில்லை. வீட்டு வரைபடத்தோடு டாக்டரும் வந்தார், வக்கீலும் வந்தார். படித்தவர்கள் அல்லவா, முன்பதிவு செய்துகொண்டு வந்தார்கள்.

திரையில் வீடு முப்பரிமாணமாகச் சுழலும். ஏதாவது ஒரு சுவர் சிவக்கும். “பாத்தீரா, அக்கினி பூதம்!” என்பார். பரிகாரம், அவரிடமே கிடைக்கும் செப்புக் கூம்பு. சிவந்த பக்கத்துச் சன்னலையும் செங்கல் வைத்து அடைக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் வந்திருந்த சீனித்தாய் சொன்னபடியே அடைத்தாள். கடலைப் பார்த்த கிழக்குச் சன்னல் அது. வீடு அடுப்பானது. கைக்குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு. ஒருநாள் அது துவண்டு சரிய, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தேறிய குழந்தையோடு திரும்பி வந்தவள் அடுத்த பரிகாரம் கேட்கக் கிளம்பினாள்!

பக்கத்து வீட்டு ஸ்டெபி கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். செல்லப்பாண்டி கொடுத்த படத்தைச் சீனித்தாயிடம் வாங்கிப் பார்த்தாள்.

“ஏளா, இது பூதமில்ல. கட்டடத்துல எங்கன சூடு ஏறுதுன்னு காட்டுத சாஃப்ட்வேரு. நாங்க தெனமும் போடுத படம்.”

“சும்மா இரிளா. சாமி கோவிச்சுக்கிடுவாரு.”

ஸ்டெபி வாதாடவில்லை. அந்த வீட்டை லேப்டாப்பில் வரைந்து இரண்டு படங்கள் எடுத்துக்கொண்டு, சீனித்தாயுடன் மண்டபத்துக்குப் போனாள்.

“அய்யா, ரெண்டு படம். ரெண்டுக்கும் பலன் சொல்லுங்க.”

செல்லப்பாண்டி கண்மூடித் திறந்தார். “மொத வீட்டுல பூதம் கெழக்க இருக்கு. முன்னோர் சாபம். அடுத்த வீட்டுல மேக்க இருக்கு. அது செய்வினை. ரெண்டு வீட்டுக்கும் கூம்பு வேணும்.”

“ரெண்டும் ஒரே வீடு அய்யா. இந்தச் சீனித்தாய் வீடு. மொதப் படம் காலைச் சூடு, அடுத்தது சாயங்காலச் சூடு.”

“அது... பூதம் எடம் மாறும்மா!”

“காலையில கெழக்க, சாயங்காலம் மேக்க. தெனமும் தவறாம மாறுது. எங்க ஊருல அதுக்குப் பேரு சூரியன்!”

மண்டபம் சிரித்தது. ஸ்டெபி தான் கொண்டுவந்த லேப்டாப்பில், படத்திலிருந்த கிழக்குச் சன்னலைத் திறந்தாள். மேற்குச் சுவருக்கு நிழலாக ஒரு தட்டி வைத்தாள். சிவப்பு மங்கியது. கூம்பு எதுவும் தேவைப்படவில்லை.

சீனித்தாய் சிரிக்கவில்லை. “கடக்காத்து வந்த வழிய அடைக்கச் சொல்லி எம்பிள்ளைய வேகவச்சிட்டீரே, நீரு மனுசனா?” என்று குமுறினாள். செல்லப்பாண்டி தன் லேப்டாப்பை மட்டும் அள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினார். பூதம் துரத்தியிருந்தால்கூட அவ்வளவு வேகம் வந்திருக்காது.

அன்றே சீனித்தாயின் கணவன் வன்னியபெருமாள் கடப்பாரையால் செங்கலைப் பெயர்த்தான். காற்று புகுந்தது. குழந்தை அயர்ந்து தூங்கியது.

செல்லப்பாண்டி இப்போது ஆறுமுகநேரிப் பக்கம் போயிருப்பதாகக் கேள்வி. அந்த ஊர்க்காரர்களே, சன்னலை மூடுவதற்கு முன் தயவுசெய்து மூளையைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்!