நூறு வருஷத்து இரவல் ஷூ

ஹாலில் இரண்டடிதான் வைத்தாள் நாகலக்ஷ்மி. இடது ஷூவின் ஹீல் ‘டக்’கென்று கழன்று சோபாவுக்கு அடியில் ஓடியது.

“போச்சு! விஷாகாவோட ஷூ!”

அது சாதாரண ஷூ இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கப் பெண்கள் பார்ட்டிகளில் போட்டு ஆடியது. வெள்ளி ஜரிகைத் துணி, கல் பதித்த பக்கிள். ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் இப்படிப்பட்ட ஷூக்களைக் கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்திருக்கும் ஒரே தமிழச்சி விஷாகாதான். ஆபீஸ் பார்ட்டிக்கு எல்லோரும் அந்தக் காலத்து உடையில் வரவேண்டும் என்றதும், அவளே வலியக் கூப்பிட்டுக் கொடுத்தாள். போதாததற்கு, விஷாகாவின் கணவர் சுந்தரராமன்தான் நாகலக்ஷ்மியின் கணவர் அனந்தராமனுக்கு மேனேஜர்.

“நம்ம கிரீன் கார்டே அவர் கையிலதான் இருக்கு,” என்றார் அனந்தராமன். “பதறாதே. நான் ஒட்டிடறேன்.”

ஒட்டினார். ஹீலோடு அவருடைய கட்டைவிரலும் ஒட்டிக்கொண்டது. இழுத்ததில் விரல் வந்தது. கூடவே கொஞ்சம் ஜரிகையும் வந்தது.

“நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டா பசை போயிடுங்க.”

பசை போனது. வெள்ளியும் போனது.

“சில்வர் ஸ்ப்ரே அடிச்சுப் பார்ப்போமா?”

அடித்தார். ஷூ புதுப் பெயின்ட் அடித்த கேஸ் சிலிண்டர் மாதிரி மின்னியது.

தலைவலி என்று சொல்லி நாகலக்ஷ்மி பார்ட்டிக்கே போகவில்லை. பிறகு ஹூஸ்டனில் பழம்பொருள் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒருவழியாக அச்சு அசல் அதே மாதிரி ஒரு ஜோடி கிடைத்தது. அதை வாங்கியதில் அந்த வருஷத்துச் சென்னைப் பயணம் நின்றுபோனது.

“அம்மாகிட்ட என்னன்னு சொல்றதுங்க?”

“விசா ஸ்டாம்பிங் பிரச்சினைன்னு சொல்லு. யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க.”

ஞாயிற்றுக்கிழமை மைசூர்பாக்கோடு போய் ஷூவைக் கொடுத்தார்கள். விஷாகா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாகலக்ஷ்மி மைசூர்பாக் டப்பாவை அவசரமாகத் திறந்து நீட்டினாள்.

“ஒரு கீறல்கூட இல்ல! எவ்வளவு பொறுப்பா வச்சிருக்கீங்க!” என்று விஷாகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது மாடியிலிருந்து சுந்தரராமனின் குரல் கேட்டது.

“விஷாகா, அவங்க கிளம்பிட்டாங்களா? நீ உடைஞ்ச ஹீலை ஒட்டிக் கொடுத்த ஷூவுக்கு, போன தடவை இரவல் வாங்கினவங்க மாதிரி இவங்களும் நல்ல ஜோடியா வாங்கிக் கொடுத்துட்டாங்களா?”