முட்டை வண்டியில் ஒரு சீப்பு

ஜூலை எட்டாம் தேதி, திங்கட்கிழமை காலை, மழை. மொத்தச் சந்தையிலிருந்து பேக்கரிக்குப் போன ஆறு தட்டு முட்டைகளில் ஒன்றரைத் தட்டு உடைந்திருந்தது.

“ஏங்க, நான் முட்டைதானே கேட்டேன்? அடிச்சுக் கலக்கியே கொண்டு வந்திருக்கீங்களே” என்றார் பேக்கரி முதலாளி.

முட்டைக்காரர் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டார். வெளியே அவருடைய மூன்று சக்கர மோட்டார் சைக்கிள், ஜுரம் வந்ததுபோல் நடுங்கிக்கொண்டு நின்றது.

“காலையில வீட்டுலேர்ந்து சந்தைக்கு வரும்போது வெண்ணெய் மாதிரி ஓடுச்சு முதலாளி. சரக்கு ஏத்திக் கிளம்பினதும் இப்படி ஆட ஆரம்பிச்சிடுச்சு. என்னன்னே புரியல.”

“எனக்கும் புரியல. ஆனா ஒண்ணு. வெள்ளிக்கிழமை பெரிய கேக் ஆர்டர் இருக்கு. அன்னைக்கும் இப்படி வந்தா நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன்.”

அவருடைய வியாபாரத்தில் பாதி இந்தப் பேக்கரிதான். அது போனால் மீதிப் பாதியைச் சைக்கிளிலேயே கொண்டுபோய்விடலாம்.

சந்தையில் பாதிப் பேரிடம் அதே ஊதா நிற வண்டிதான் என்பதால் யோசனைக்குக் குறைவில்லை. எல்லாரையும்விட அக்கறையாகப் பேசியவர் தண்ணீர் கேன் போடுகிறவர்.

“மழை பாருங்கண்ணே. பெட்ரோல்ல தண்ணி இறங்கியிருக்கும்” என்றார், நெற்றியில் விழுந்த முடியைக் கையால் கோதிக்கொண்டே. “டேங்கை சுத்தமா காலி பண்ணிட்டுப் புதுசா ஊத்துங்க. செய்யறதைத் திருந்தச் செஞ்சிடுங்க.”

முட்டைக்காரர் அப்படியே செய்தார். டேங்கின் அடியில் கிடந்த கசடு கலங்கி கார்புரேட்டருக்குள் போனது. அதுவரை நடுங்கிக்கொண்டாவது ஓடிய வண்டி, இப்போது ஒவ்வொரு முனையிலும் நின்றுபோனது.

மாலையில் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. வீடியோ பார்த்தே எல்லாம் கற்றவன்.

“கார்புரேட்டர் மாமா. பிரிச்சு மேஞ்சிடலாம்.”

பிரித்தான். கழுவினான். மாட்டினான். செய்தித்தாளின் மேல் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு திருகும் மிச்சம் இருந்தன.

“இது என்னடா?”

“அது எக்ஸ்ட்ரா மாமா. கம்பெனிக்காரனே சேர்த்துத்தான் குடுப்பான்.”

வண்டியை உதைத்ததும் அலறியது. ஆக்சிலேட்டரை விட்டாலும் அலறியது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்து, உடனே மூடிக்கொண்டார்.

“பார்த்தீங்களா, இப்ப நிக்கவே நிக்காது” என்றான் மச்சான்.

“நிக்காதுடா. எங்கேயும் நிக்காது. அதான் பயமா இருக்கு” என்றார் முட்டைக்காரர். “கண்ணாடியைக்கூடத் திருப்பிட்டியா? பின்னாடி வர்றவன் தெரியல, வானம்தான் தெரியுது.”

“நான் கண்ணாடியைத் தொடவே இல்ல மாமா.”

“தொட்டதையே ஒத்துக்க மாட்டே. தொடாததையா ஒத்துக்கப் போறே?”

புதன்கிழமை மனைவி பின்னால் மெத்தை விரித்து, முட்டைத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் இரண்டு முட்டை உடைந்து புடவையில் வழிந்தது.

“துடைக்கத் துணி எங்கேங்க?”

“டூல்ஸ் பெட்டியில இருக்கும் பாரு.”

பெட்டியில் துணி இல்லை. ஒரு சீப்பு இருந்தது. பச்சை நிறம், பல்லிடுக்கில் நீளமான கறுப்பு முடி.

“வண்டியை நிறுத்துங்க.”

“நிறுத்த முடியாதே, ஓடிக்கிட்டே இருக்குமே.”

“நிறுத்துங்கன்னு சொல்றேன்!”

சாவியைத் திருப்பி அணைத்தார். மனைவி சீப்பை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இது யாரோடது?”

“தெரியலையே.”

“உங்க தலையில சீவ என்ன இருக்கு? இத்தனை வருஷத்துல இந்த வீட்டுக்கு நீங்க சீப்பு வாங்கி நான் பார்த்ததே இல்ல. யாரை உட்கார வெச்சு ஓட்டுறீங்க?”

“முட்டையைத் தவிர யாரையும் உட்கார வெச்சதில்லடி! உன் தம்பியோடதா இருக்கும்.”

மச்சான் அன்றைக்குத் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றான். அவனும் கையை விரித்தான். மனைவி சீப்பைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அன்று இரவு சாப்பாட்டுத் தட்டு மேஜையில் வந்து விழுந்த சத்தம், வண்டிச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

வியாழக்கிழமை கடைசியாக மச்சானையும் கூட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் மிச்சமிருந்த ஸ்பிரிங்கையும் திருகையும் இடத்தில் மாட்டினார். அலறல் அடங்கியது, பழைய நடுக்கம் திரும்பி வந்தது. பிறகு ஓடுகிற எஞ்சினில், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். சத்தம் சட்டென்று மாறியது.

“இங்கதான்ணே. ரப்பர்ல விரிசல். வேண்டாத காத்தை உள்ளே இழுக்குது. டேப் சுத்தி ஓட்டியிருக்கீங்களே, இது ரெண்டு வருஷத்து விரிசல்.”

“திங்கக்கிழமை காலை வரைக்கும் வெண்ணெய் மாதிரி ஓடுச்சுங்க!”

“இதுவா?” மெக்கானிக் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “சரிண்ணே. நீங்க சொன்னா சரி.”

முட்டைக்காரர் மச்சானைப் பார்த்தார்.

“டேப்பும் நான் இல்ல மாமா” என்றான் அவன்.

புது ரப்பர் மாட்டியதும் நடுக்கம் நின்றது.

வெள்ளிக்கிழமை இருபது தட்டு முட்டை பேக்கரிக்குப் போனது. ஒன்றுகூட உடையவில்லை. முதலாளி இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, “அடுத்த வாரமும் நீங்களே போடுங்க” என்றார். முட்டைக்காரருக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிர் மனைவியின் கைப்பைக்குள் இருந்தது.

சந்தைக்குத் திரும்பி வண்டியை நிறுத்தினார். தண்ணீர் கேன்காரர் ஓடி வந்து எஞ்சின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

“ரொம்ப நன்றிண்ணே” என்றார். “திங்கக்கிழமை மழை அவசரத்துல நீங்க என் வண்டியை எடுத்துக்கிட்டுப் போனதை அப்பவே சொல்லியிருப்பேன், ரிப்பேர் பார்க்க ஆரம்பிச்சிட்டீங்க, நடுவுல தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்துட்டேன். பெட்டியில என் சீப்பு ஒண்ணு இருந்துச்சே, பார்த்தீங்களா?”

முட்டைக்காரரின் சாவி பக்கத்து வண்டிக்கும் சரியாகப் பொருந்தியது. முதல் உதையிலேயே கிளம்பியது. குலுங்கவில்லை. பெட்டியில் அவருடைய துணி மடித்தபடியே இருந்தது.