வாசலில் நிறுத்தப்பட்ட அக்காவுக்கு

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதுவதே முறை. ஆனால் உண்மைக்குப் புறம்பான எதிலும் நான் கையெழுத்திடுவதில்லை என்பதால் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சென்ற வாரத்திற்கு முந்தைய ஞாயிறன்று என்னைப் பார்க்க வந்த தங்களை, கதவைத் திறக்காமல் மாடி சன்னலிலிருந்தே திருப்பி அனுப்பினேன். அதிலிருந்து தாங்கள் என் போனை எடுப்பதில்லை. எனவே என் தரப்பை எழுத்து மூலம் சமர்ப்பிக்கிறேன்.

தொழிற்சாலை வாசலில் நுழைவுச்சீட்டு சரிபார்க்கும் அதிகாரி நான். முதலாளியின் மருமகனையே சீட்டு இல்லையென்று வெயிலில் நிறுத்தியவன். அப்படிப்பட்டவனின் நுரையீரலுக்குள் புற்றுநோய் எப்படித் தங்கியது என்று மருத்துவரிடம் விளக்கம் கேட்டேன். "ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுதான் சார் வாட்ச்மேன். கேன்சரைக் கண்டா பிடிச்சு அடிக்கணும். ஆனா அது, 'நானும் இந்த வீட்டு ஆளுதான்'னு ஒரு போலி பாஸைக் காட்டுது. இதுவும் சலாம் போட்டு விட்டுடுது" என்றார். நோயின் பெயரைக் கேட்டபோதுகூட நான் அவ்வளவு குன்றிப்போகவில்லை, அக்கா. போலிச் சீட்டு! அதுவும் என்னிடம்!

இப்போது இரண்டு மருந்துகள் ஏறுகின்றன. ஒன்று, அந்தச் சீட்டைச் செல்லாததாக்குவது. அதன்பின் காவலர்கள் வேகம் மிகுந்து சொந்த நுரையீரலையும் குடலையுமே தாக்கக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்தார். உடனே என் மனைவி, "இங்க ஒருத்தர் மருந்து ஏறாமலே அப்படித்தான் டாக்டர் இருக்காரு" என்றாள். மருத்துவர் சிரித்தது முறையல்ல.

மற்றொன்று கீமோ. அது புற்றை அடிக்கிற வேகத்தில் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடுகிறது. அவை மிகவும் குறைந்தால் அற்பக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும், அடுத்த மருந்தும் தள்ளிப்போகும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் நெருங்க வேண்டாம், கையைக் கழுவுங்கள் என்று மட்டுமே மருத்துவர் சொல்லியிருந்தார். நான் அதை முழுப்பக்க விதிகளாக விரிவாக்கிக் கதவில் ஒட்டினேன். செய்தித்தாள் வெயிலில் காய்ந்த பிறகே உள்ளே வரும், மனைவி கை கழுவுவதை நான் நேரில் பார்த்தால்தான் காபி செல்லுபடியாகும், பூனைக்கு அனுமதி ரத்து, அது கோபித்துக்கொண்டு மதில்மேல் குடியேறிவிட்டது, இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் தாங்கள் இரண்டு பஸ் மாறி, கையில் பாத்திரத்தோடு வந்து நின்று, தும்மினீர்கள்.

"தூசிடா அது! கதவைத் திற."

"தும்மினவங்க உள்ள வரக்கூடாது அக்கா. கதவுலயே போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க."

"நான் என்ன திருடியாடா?"

சன்னலைச் சாத்தினேன். பாத்திரத்தை மதில்மேல் வைத்துவிட்டுப் போனீர்கள். விதிப்படி நான் அதைத் தொடவில்லை. பூனை தொட்டது.

மறுநாளே எனக்குக் காய்ச்சல். மருத்துவமனையில் படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். சளியோடு யாராவது வந்தார்களா என்று நர்ஸ் கேட்டதும், தங்கள் தும்மலைப் பற்றி விரிவான புகார் அளித்தேன். அந்தப் பெண் என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். "வாயெல்லாம் புண்ணா இருக்கே சார்! வெள்ளை அணு குறைஞ்சா, இத்தனை நாளா உள்ளயே சும்மா கிடந்த கிருமி கிளம்பிடும். மாடியில இருந்த உங்களுக்கு வாசல்ல தும்மினா எப்படி வரும்? பாவம், அக்காவை எதுக்கு இழுக்கறீங்க?" ரத்தப் பரிசோதனை முடிவும் அவள் பக்கமே பேசியது.

எனவே தங்கள்மீதான குற்றச்சாட்டு திரும்பப் பெறப்படுகிறது. காய்ச்சல் தணிந்து வீடு திரும்பிவிட்டேன். ஆயினும் விதிகள் நடைமுறையில் நீடிக்கும். வரும் வியாழனன்று ரத்தம் பார்ப்பார்கள், அணுக்கள் ஏறியிருந்தால் வெள்ளியன்று அடுத்த மருந்து. அதெல்லாம் முடியும்வரை தாங்கள் வருவதைத் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். தங்கள் இல்லத்தில் எவருக்கும் இருமல்கூட வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
விதிகளுக்கு உட்பட்ட தம்பி

பி.கு.: அக்கா, கதவுல ஒட்டினதைக் கிழிச்சுட்டேன். உனக்குச் சளி இல்லேன்னா வெள்ளிக்கிழமை வந்துடு. முகமூடி போட்டுக்கோ, போதும். மருந்து ஏறும்போது பயமா இருக்கு. இவகிட்ட சொன்னா இவளும் பயந்துடுவா. திருடனை உள்ள விட்டுட்டு உன்னைப் போய் வாசல்ல நிறுத்தினேன் பாரு. பாத்திரத்தை நானே கழுவி வச்சிருக்கேன். அதுல எனக்கு என்ன கொண்டுவந்தேன்னு நேர்ல வந்து சொல்லு. பூனை சொல்ல மாட்டேங்குது.