மொட்டை மாடியில் நாங்கள் ஆடினோம், கட்டடம் நிற்கவில்லை

மெக்சிகோ நகரம்,
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய அக்கா எதுவீகெஸ் அவர்களுக்குத் தம்பி எவாரிஸ்தோ பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் தங்கள் மருமகள் நொயேலியாவும் இந்த வரியை எழுதும் நிமிடம் வரை நலமாக இருக்கிறோம். அடுத்த வரிக்கு உத்தரவாதம் தருவதற்கில்லை. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், மொந்தெர்ரெய் வெயில் தாங்கும்படி இருக்கிறது என்றும் நம்புகிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் வீட்டுப் பின்னறையை எனக்காக ஒழித்து வைக்க வேண்டும். ஒரு கட்டில் போதும். வரும் சனிக்கிழமை ஒரு பெட்டி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கூண்டோடு கேனரிக் குருவி ஆகியவற்றுடன் பேருந்து ஏறுகிறேன். நான் சும்மாவே பயப்படுகிறவன் என்பது தங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த முறை காரணம் இருக்கிறது.

மற்றவர்களின் பெண்கள் வெளிநாட்டில் படித்துவிட்டு ஒரு கணவனோடு திரும்பி வருகிறார்கள், அல்லது ஒரு நாயோடு. என் மகள் நொயேலியா மண் தோண்டும் இயந்திரத்தோடு வந்தாள். நிலம் நடுங்கும்போது மண் என்ன செய்கிறது, அதன்மேல் நிற்கும் கட்டடம் என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இந்த ஊர் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்று நாமெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தோம், படித்துவிட்டு மறந்தோம், மறந்ததால்தான் ராத்திரி தூங்கினோம். அவள் மறக்கவில்லை. எங்கள் முற்றத்திலேயே துளை போட்டாள். முதல் துளையில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. ஐந்தாம் மாடி ஒர்த்தென்சியா அம்மா தலையில் சாயத்தோடு கீழே இறங்கி வந்து, என்னைப் பார்த்து, பெண்ணை வளர்த்த லட்சணத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். இரண்டாவது துளையிலிருந்து மண் வந்தது. அந்த மண்ணை உருளை உருளையாக மெழுகு பூசி எங்கள் குளிர்பதனப் பெட்டியில் அடுக்கினாள். மெழுகு பூசிய பாலாடைக்கட்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்ல அக்கா? நான் ஒன்றை எடுத்து ரொட்டிக்கு வெட்டிட்டேன்.

அவ கத்தவே இல்ல. கத்தியிருந்தா பரவாயில்ல. "அப்பா, இது நாம நிக்கிற மண்ணு. முப்பது மீட்டர் கீழேருந்து அலுங்காம குலுங்காம கொண்டு வந்தேன்"னு மெதுவா சொன்னா. அப்புறம், வெட்டுனது வெட்டுனதுதானேன்னு ஒரு துண்டை என் கையில குடுத்தா. சோப்புக்கட்டி மாதிரி கெட்டியா இருந்துச்சு. பிசைஞ்சு பாருங்கன்னா. பிசைஞ்சேன். அக்கா, அது கஞ்சியாயிடுச்சு. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. தண்ணியெல்லாம் அதுக்குள்ளேயே இருக்காம், மண்ணைவிட மூணு மடங்கு. நான் கையைக் கழுவிட்டு நேராப் போய் இரத்த அழுத்தம் பார்த்தேன். அதை இங்க எழுதினா உங்களுக்கும் ஏறும்.

அதோட நின்னிருந்தா நான் இங்கேயே இருந்திருப்பேன். மண்ணு முடிஞ்சதும் கட்டடத்துக்கு வந்தா. ஊஞ்சல்ல ஒருத்தர் உக்காந்திருக்கும்போது சரியான நேரத்துல லேசாத் தள்ளினாப் போதும், எங்கேயோ போயிடும் இல்லையா, அந்த மாதிரி இந்தத் தெருவோட மண்ணு ஆடுற கணக்கும் எங்க எட்டு மாடி ஆடுற கணக்கும் ஒண்ணா இருக்காம். மண்ணு தள்ளும், நாங்க போவோம். இதுக்கு மேல இன்னொண்ணு. தரைத்தளத்துல லெயோபார்தோ தாக்கோ கடை வச்சிருக்கார் இல்லையா, மேஜை போட எடம் பத்தலைன்னு ரெண்டு சுவரை எடுத்துட்டார். மேல ஏழு மாடியும் கனமா இருக்கு, கீழ மட்டும் மெலிஞ்ச கால்ல நிக்குதுன்னு நொயேலியா சொல்றா. அந்த எடத்துல இரும்புச் சட்டம் குறுக்குநெடுக்கா வைக்கணும், அதுவரைக்கும் முட்டுக் கொடுக்கணும்னா.

லெயோபார்தோ அவளுக்கு ஞானத்தந்தை, எனக்கு டாமினோ ஆட்டத்துல எதிராளி, கட்டடச் சங்கத்துக்குத் தலைவர். மூணு பேரும் ஒரே நேரத்துல கோவிச்சுக்கிட்டா எப்படி இருக்கும்? "நீ பொறந்தப்ப தொட்டிலை ஆட்டுனவன் நான். எனக்கு வந்து ஆட்டத்தைப் பத்திப் பாடம் எடுக்கிறியா?"ன்னு கேட்டார். அன்னையிலேருந்து என்கூட டாமினோ இல்லை. சங்கக் கூட்டத்துல எல்லாரும் அவர் பக்கம், ஏன்னா கூட்டம் நடக்குற அன்னைக்கு தாக்கோ அவர் கடையிலேருந்துதான் வரும். வாய் நிறைய சோள ரொட்டியும் அன்னாசியும் பன்றிக்கறியும் வச்சுக்கிட்டு யார் அவருக்கு எதிராக் கை தூக்குவாங்க? நானே பாதிதான் தூக்கினேன்.

நொயேலியா வாதாடலை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லாரும் மொட்டை மாடிக்கு வாங்க, கொஞ்ச நேரம் போதும்னு மட்டும் கேட்டுக்கிட்டா. வேடிக்கை பார்க்கவாவது பதினெட்டு பேர் வந்தாங்க. தண்ணித் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவுல எங்களை வரிசையா நிக்க வச்சா. தரையில ஆட்டத்தை அளக்குற ஒரு சின்னப் பெட்டி, அதுலேருந்து கம்பி, கம்பி முடியுற எடத்துல கம்ப்யூட்டர். அவ கை தட்டுற தாளத்துக்கு எல்லாரும் ஒண்ணா வலப்பக்கம் சாயணும், இடப்பக்கம் சாயணும், அவ்வளவுதான். லெயோபார்தோ வயித்தைத் தூக்கிக்கிட்டு முன்வரிசையில நின்னு, கட்டடம் கவுந்தா என் மேல பழி போடாதீங்கன்னு எல்லாரையும் சிரிக்க வச்சார். முதல்ல ஒண்ணும் சரியா வரலை. ஆறாம் மாடிக்காரர் கல்யாணத்துல எக்காளம் ஊதுற ஆள், அவருக்குத்தான் தாளம் நிக்கலை. ஒர்த்தென்சியா அம்மா அவரைப் புடிச்சுத் தன் பக்கத்துல நிறுத்தி இடுப்புல ஒரு இடி இடிச்சு சரி பண்ணாங்க. அப்புறம் வந்துருச்சு. வலம், இடம், வலம், இடம். சிரிப்பு, சத்தம், யாரோ பாட்டுக்கூட எடுத்துட்டாங்க.

கொஞ்ச நேரத்துல துணிக்கொடி ஆடுச்சு. காத்து இல்லை. தொட்டிக்குள்ள தண்ணி பக்கத்துக்குப் பக்கம் அடிக்கிற சத்தம் கேட்டுது. பாட்டு தானா நின்னு போச்சு. நொயேலியா கையைத் தாழ்த்தினா. நாங்களும் நின்னுட்டோம்.

அது நிக்கலை அக்கா. பாதத்துக்குக் கீழ கட்டடம் போயிட்டுப் போயிட்டு வந்துச்சு, ரொம்ப மெதுவா, நம்ம அம்மா மடியில வச்சு ஆட்டுவாங்களே அந்த மாதிரி, அதுதான் எனக்குப் பெரிய பயம். லெயோபார்தோ கவுத்து வச்சிருந்த வாளி மேல உக்காந்தார். "பதினெட்டு பேரு. அதுவும் காலையில சாப்பிடாத பதினெட்டு பேரு"ன்னு முணுமுணுத்தார். அப்புறம் நொயேலியாவைக் கூப்பிட்டு, "கண்ணு, நான் எடுத்த சுவர் எங்கெங்க இருக்கணும்னு வந்து காட்டு"ன்னார். ரெண்டு பேரும் படியிறங்கிப் போனாங்க. மறுநாளே கடையில பாதி மேஜையை எடுத்துட்டு முட்டுக் கொடுத்தாச்சு. இரும்பு வேலை அடுத்த மாசம்.

எல்லாருக்கும் நம்பிக்கை வந்துருச்சு. எனக்கு மட்டும் பயம் வந்துருச்சு. படுத்தா கட்டில் போயிட்டு வருது. நொயேலியாவையும் கூப்பிட்டேன். "மண்ணு இங்க இருக்கு அப்பா, நான் எங்க வர்றது?"ன்னுட்டா. அதனால நான் மட்டும் வரேன். உங்க ஊர்ப் பாறை மேல தூங்கணும் அக்கா, ஒரு தடவையாவது.

தங்களுக்கும் அத்தானுக்கும் எல்லா அருளும் கிடைக்கட்டும். தங்கள் வீட்டுச் சுவர்கள் நேராகவும், தரை அசையாமலும், விளக்குகள் தொங்கினபடியே தொங்கவும் அன்னை மரியாள் காத்தருள்வாராக.

தங்கள் பாசமுள்ள தம்பி,
எவாரிஸ்தோ

பின்குறிப்பு: அக்கா, உறையை ஒட்டுறதுக்குள்ள வெள்ளிக்கிழமை ஆயிடுச்சு. நேத்துக் காலையில நிலநடுக்கச் சங்கு ஊதுச்சு. நாந்தான் முதல்ல தெருவுக்கு வந்தேன், பெட்டியோட, குருவியோட. ஒவ்வொருத்தரா வந்து சேர்ந்தாங்க, நொயேலியாவைக் காணோம். மொட்டை மாடிக் கருவிக்குப் பேட்டரி மாத்த மேல போயிருக்கிறதா லெயோபார்தோ சொன்னார். கூண்டை ஒர்த்தென்சியா அம்மா கையில திணிச்சது ஞாபகம் இருக்கு. அடுத்து ஞாபகம் வர்றப்ப நான் அஞ்சாம் மாடிப் படியில இருக்கேன், சுவர் வந்து தோள்ல இடிக்குது, நான் ஏறிக்கிட்டிருக்கேன். அவ இறங்கி வந்துக்கிட்டிருந்தா. "எங்கப்பா போறீங்க?"ன்னா. "மாத்திரையை மறந்துட்டேன்"னேன். என்னை இழுத்துப் படியில உக்கார வச்சா. முடியுற வரைக்கும் கையைப் புடிச்சுக்கிட்டு அங்கேயே உக்காந்திருந்தோம்.

கட்டடம் நிக்குது. முட்டுக்கட்டைங்க நல்லா முனகிச்சுன்னு லெயோபார்தோ சொல்றார். நாலு ஜன்னல் கண்ணாடி போச்சு, அவர் கம்பியில சுத்திக்கிட்டிருந்த கறி மொத்தமும் தரையில விழுந்துச்சு. சனிக்கிழமை நான் வரலை. அறையை ஒழிக்காதீங்க. அவ இருக்குற கட்டடம்தான் எனக்குக் கட்டடம்னு ஏறும்போது தெரிஞ்சு போச்சு, ஏறுறதுக்கு முன்னாடி தெரியலை.

படிக்கட்டுலேயும் ஒரு கருவியைப் புதுசா வச்சிருந்திருக்கா, எனக்குத் தெரியாது. நேத்து சாயங்காலம் அவளும் அவளோட பேராசிரியரும் பதிவுகளைப் பார்த்தாங்களாம். நிலநடுக்கத்தோட ஆட்டம் எதுலயும் சேராம, தடதடன்னு ஒரு அதிர்வு கீழேருந்து மேல போயிருக்கு. மண்ணோட புதுக் குணம் எதையோ கண்டுபிடிச்சுட்டோம்னு பேராசிரியர் எழுந்தே நின்னுட்டாராம். அப்புறம் இவ சொல்ல வேண்டியதாப் போச்சு. அந்தப் பகுதியைக் கணக்குலேருந்து நீக்கிட்டாங்க. நீக்கினதுக்குக் காரணம் எழுதுற எடத்துல ஒரே ஒரு வார்த்தை போட்டிருக்கா: அப்பா.