ஜெராம் சேற்றில் செவ்வாய்க் கிரகம்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி அம்மா. என் மகள் கவிஷாவைச் சைக்கிள் ஓட்ட விட்டதில்லை, மெயின் ரோட்டில் லோரி வரும் என்று. நீச்சல் வகுப்புக்கு அனுப்பியதில்லை, அங்கே தண்ணீர் இருக்கும் என்று. (வேறென்ன இருக்கும் என்று என் கணவர் கேட்டார்.) பதினான்கு வருடம் இப்படிக் காத்து வளர்த்த பிள்ளையைச் சாவின் வாசல் வரை கூட்டிக்கொண்டு போனது லோரியும் அல்ல, டெங்கிக் கொசுவும் அல்ல. நான்தான்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி. கோள்களின் மேற்பரப்பு என்பது தலைப்பு. தட்டில் மாவைப் பரப்பி, மேலிருந்து கோலிக்குண்டு போட்டு, விண்கல் விழுந்தால் பள்ளம் எப்படி உண்டாகிறது என்று காட்டப்போவதாகக் கவிஷா சொன்னாள். நல்ல திட்டம். சமையலறையிலேயே முடிந்திருக்கும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் மாவுத் தட்டோடுதான் வருவார்கள் என்று எனக்கு ஒரு பதற்றம். அவளுடைய புத்தகத்தில் செவ்வாயின் படம் ஒன்று இருந்தது. என்றோ ஈரமாக இருந்த சேறு, காய்ந்து, கட்டம் கட்டமாக வெடித்துக் கிடந்தது. ஜெராம் கடலோரத்தில் இதே வெடிப்பை நான் பார்த்திருக்கிறேன்.

"மாவெல்லாம் வேணாம். செவ்வாயையே படம் பிடிச்சிட்டு வந்துரலாம்" என்றேன்.

ஞாயிறு காலை அசாம் ஜாவாவிலிருந்து காரில் கிளம்பினோம். கரையோரக் கடையில் என் கணவர் பீசாங் கோரேங் என்னும் வாழைப்பழ பஜ்ஜி வாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "நீங்க போங்க. நான் இங்கருந்தே பாக்கறேன்லா."

கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. கரையருகே வெடிப்புகள் சிறியவை. தள்ளிப் போனால் பெரியவை. இன்னும் தள்ளிப் போனால் இன்னும் அழகு. கவிஷா நின்றுவிட்டாள்.

"அம்மா, மேல ஓடு மட்டுந்தான் காஞ்சிருக்கு. யூரோப்பா மாதிரி."

யூரோப்பா வியாழனின் நிலவு. மேலே பனி ஓடு, அடியில் கடல் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

"எனக்கே பாடமா? நான் எஸ்டேட்டுல பொறந்தவ. மண்ணப் பத்தி எனக்குத் தெரியாதா?" (எஸ்டேட்டில் கடல் இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.)

நாலடி வைத்தேன். ஐந்தாவது அடியில் ஓடு உடைந்தது. முழங்கால் வரை உள்ளே போய்விட்டேன். ஒரு காலை இழுத்தால் மறுகால் இறங்கியது. இழுத்துவிட வந்த கவிஷா எனக்கு எட்டாத தூரத்திலேயே தொடை வரை இறங்கினாள். என்னைவிட ஆழமாக.

முதலில் சிரித்தோம். பிறகு ஒரு வெடிப்புக்குள் தண்ணீர் ஓடி வந்தது. அடுத்த வெடிப்புக்குள்ளும் வந்தது. சத்தமே இல்லை. கடல் திரும்பிக்கொண்டிருந்தது.

இருவரும் கரையைப் பார்த்துக் கைகளை ஆட்டினோம். கணவரும் ஆட்டினார். கத்தினோம். காற்று எங்கள் பக்கம் வீசியது. அவர் எழுந்து நின்று, ஃபோனை எடுத்து, எங்களைப் படம் பிடித்தார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார்.

தண்ணீர் கவிஷாவின் இடுப்பைத் தொட்டது. "அம்மா, எனக்கு நீந்தத் தெரியாது" என்றாள். குற்றம் சாட்டவில்லை. எனக்குத் தெரியப்படுத்தினாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் கெராங் சிப்பி பொறுக்கும் ஒரு மலாய்க்கார அம்மா கண்ணில் பட்டார். மாக்சிக் என்று அழைப்போம். நீளப் பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் சேற்றை உந்தி, வழுக்கிக்கொண்டு வந்தார். "ஜாங்கான் கெராக்!" என்று அதட்டினார். அசையாதே என்று அர்த்தம். பலகையில் தன்னோடு இன்னும் ஒருவருக்குத்தான் இடம் என்று கைகாட்டினார்.

"அம்மாவ முதல்ல!" என்று கவிஷா அலறினாள்.

"வாய மூடு! ஏறு!" என்று நான் அலறினேன். பிள்ளையிடம் நான் சொல்லும் கடைசி வார்த்தை இதுவாகிவிடுமோ என்று உடனே தோன்றியது. மாற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றும் வாயில் வரவில்லை.

மேலும் புதையாமலிருக்க என்னை மல்லாக்கப் படுக்கச் சொல்லிவிட்டு மாக்சிக் அவளோடு போனார். பஞ்சாபி உடையில், சேற்றில், வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன். காதில் தண்ணீர் ஏறியது. அவர் திரும்பி வந்து என்னை உருவி எடுத்தபோது தண்ணீர் என் தாடையில் இருந்தது.

கரையில் கணவர் இடுப்பளவு சேற்றோடு அழுதுகொண்டிருந்தார். "ரெண்டு பேரும் டாட்டா காட்டறீங்கன்னு நெனச்சேன்லா மாலா."

அவர் எடுத்த படத்தையே கவிஷா கண்காட்சியில் வைத்தாள். தலைப்பு: 'உறுதியற்ற மேலோடு'. ஆறுதல் பரிசு கிடைத்தது. படத்தில் இருந்த பள்ளத்துக்கு உங்கள் அம்மா பெயரை வைக்கவில்லையா என்று ஆசிரியை கேட்டாராம்.

"வைக்க முடியாது டீச்சர். கோள்கள்ல இருக்கிற பள்ளங்களுக்குச் செத்துப் போனவங்க பேரத்தான் வைப்பாங்க. எங்கம்மா கொஞ்சத்துல தவற விட்டுட்டாங்க."

இதுதான் இன்று வரை எங்கள் குடும்பத்து ஜோக். தீபாவளிக்கு யார் வந்தாலும் கவிஷா சொல்வாள். மாமா, சித்தி, கணவர் எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

ஆனால் நான் குளிக்கப் போய்க் கொஞ்சம் நேரமானால், குளியலறைக் கதவு மெல்லத் தட்டப்படும்.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன்லா."

அதன் பிறகும் அவள் உடனே போவதில்லை. கதவின் அடியில் அவள் கால்களின் நிழல் தெரியும்.